கன்று பிறந்த முதல் நாளிலேயே பிறவிக் குறைகளைக் கண்டறிதல்: வன்னிக் கால்நடை வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியில் பெரும்பாலான மாடுகளும் எருமைகளும் பட்டியாகவே வளர்கின்றன. காலபோக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரங்களுக்கும் குளங்களின் அலைகரைகளுக்கும் நகர்த்தப்படுகின்றன. அங்கே ஈன்ற கன்றை உரியவர் கண்ணால் காண்பதற்கே சில வேளைகளில் இரண்டு மூன்று நாட்கள் ஆகிவிடுகின்றன. அதற்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய கன்று செத்திருக்கும்; அல்லது, இனத்துக்கு விடக்கூடாத குறையொன்றை மறைத்துக்கொண்டு நல்ல கன்றென்ற பெயரோடு பட்டியில் சேர்ந்திருக்கும். இந்த இரண்டு இழப்புகளையும் குறைப்பதற்குத் தேவையானவை கைகள் இரண்டு, ஒரு ரோச் லைற், ஒரு கொப்பி ஆகியவையே. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், செட்டிகுளம் போன்ற பகுதிகளில் மாடு வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

பிறவிக் குறையும் பரம்பரைக் குறையும் ஒன்றுதானா?

இல்லை. பிறக்கும்போதே உள்ள எந்தக் குறையும் பிறவிக் குறை எனப்படும். அது தாய் தந்தையரின் மரபணுக்களினால் வந்ததாக இருந்தால் மட்டுமே பரம்பரைக் குறை ஆகிறது. சினைக்காலத்தில் தாய்க்குத் தொற்றிய வைரசு, கொடுக்கப்பட்ட மருந்து, நீண்ட வறட்சியில் ஏற்பட்ட ஊட்டக்குறைவு, கருப்பையில் கன்று கிடந்த விதம் ஆகியவற்றாலும் பிறவிக் குறைகள் வரலாம். மறுபுறம், சில பரம்பரைக் குறைகள் பிறக்கும்போது தெரியாமல் வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வெளிப்படும்.

இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குறையுள்ள ஒரு கன்றைக் கண்டவுடன் தாய்ப்பசுவை விற்றுவிடுவோரும் இருக்கிறார்கள். மூன்று வருடங்களில் அதே குறையோடு நான்கு கன்றுகள் பிறந்த பின்னரும் அதே பொலி நாம்பனை வைத்திருப்போரும் இருக்கிறார்கள். ஒரு கன்றைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரே தந்தைக்குப் பிறந்த கன்றுகளில் ஒரே குறை மீண்டும் தென்படுகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

கன்று எழுந்து நடக்கிறது, பாலும் குடிக்கிறது. அதற்குப் பின்னும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். மாடுகளில் நூறு கன்றுக்கு மூன்று வரை ஏதோவொரு பிறவிக் குறையோடு பிறக்கலாம் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவற்றுள் கணிசமானவை செத்தே பிறப்பவை. உயிரோடு பிறப்பவற்றிலும் பல முதல் நாளில் சாதாரணக் கன்றாகவே தோன்றும். மலவாய் மூடியிருக்கும் கன்று முதல் நாள் துள்ளித் திரியும். இரண்டாம் நாள் வயிறு ஊதும். மூன்றாம் நாள் குடிப்பதை நிறுத்தும். இதயச் சுவரில் துளையுள்ள கன்று மாதக்கணக்கில் உயிர் வாழ்ந்தும் வளராமல் இருக்கும். நடை, குடி இரண்டையும் மட்டும் நம்பினால் இவை இரண்டும் தப்பிவிடும்.

எப்போது பார்ப்பது நல்லது? தாய்ப்பசு கிட்ட விடாதே?

தாய் நக்கி உலர்த்தி, கன்று எழுந்து, முதற் கடும்புப் பாலைக் குடித்த பிறகு பார்ப்பதே நல்லது. அதற்கு முன் மூச்சு விடுகிறதா, மூக்கிலும் வாயிலும் சளி அடைத்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு விலகி நிற்க வேண்டும். நல்ல கன்று இரண்டு மணித்தியாலங்களுக்குள் எழுந்து நிற்கும். நான்கு மணித்தியாலங்களுக்குள் மடியைத் தேடிக் குடிக்கும். கடும்புப் பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குடல் உறிஞ்சும் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, 24 மணித்தியாலங்களில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டு லீற்றர் போக வேண்டும். அதில் பாதியாவது முதல் ஆறு மணித்தியாலங்களுக்குள் போவது சிறப்பு. கடும்பைக் காய்ச்சி அயலவரோடு பகிர்ந்து உண்பது எங்களுடைய நல்ல வழக்கம்தான். கன்றுக்குரியதைக் கொடுத்த பின் மிஞ்சுவதை அதற்கு எடுத்துக்கொள்ளலாம்.

நாட்டுப் பசுவும் எருமையும் ஈன்ற நாளில் கடும் சீற்றத்தோடு இருக்கும். ஒருவர் தனியாகப் போகக்கூடாது. தாயை மறைப்புக்கு அப்பால், கன்று அதன் கண்ணில் படும்படியாக நிறுத்தி, ஒருவர் அதைக் கவனிக்க மற்றவர் கன்றைப் பார்த்தால் ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கன்று எடுக்க நேர்ந்தாலோ, கருச்சிதைவான கன்றையோ இளங்கொடியையோ தொட நேர்ந்தாலோ கையுறை அணிய வேண்டும். கருச்சிதைவு நோயான புருசெல்லா மனிதருக்கும் தொற்றும். இளங்கொடியைப் பாலுள்ள மரத்தில் கட்டும் வழக்கமுள்ளவர்கள், அது முழுமையாக விழுந்ததா என்று விரித்துப் பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

தலையிலிருந்து வால் வரை எந்த ஒழுங்கில் பார்ப்பது?

ஒழுங்கு எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு கன்றுக்கும் அதே ஒழுங்கைப் பின்பற்றினால் எதுவும் விடுபடாது. நான் முகத்தில் தொடங்குவேன்.

முதலில் நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, நெற்றி அளவுக்கு மீறிப் புடைத்திருக்கிறதா, கீழ்த்தாடை மேற்தாடையைவிடக் குட்டையாக இருக்கிறதா என்பன இங்கே தெரியும். பின்பு வாயைத் திறக்க வேண்டும். கழுவிய சுட்டுவிரலை நாக்கின் மேலாக உள்ளே செலுத்தி, நுனியை மேல்நோக்கித் திருப்பி, முன்னிருந்து பின்னாக அண்ணத்தைத் தடவிச் செல்ல வேண்டும். நல்ல அண்ணத்தில் குறுக்கு வரிகள் விரலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்படும். பின்பகுதி வழவழப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். பிளவு இருந்தால் விரல் நடுக்கோட்டில் ஒரு பள்ளத்துக்குள் இறங்கும். பிளவு பின்பக்கத்தில் மட்டும் இருந்தால் விரலுக்கு எட்டாது. அதற்கு ரோச் லைற் வேண்டும். பால் குடித்தவுடன் மூக்குத் துவாரங்களில் பால் வடிவது அண்ணப் பிளவின் வலுவான அடையாளம். அப்படிப்பட்ட கன்றுக்குப் பால் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் பிடிக்கும். இன்னொன்றையும் இதே நேரத்தில் கவனியுங்கள்: விரலை வைத்தவுடன் கன்று அதை இழுத்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாத கன்று, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், வைத்தியரிடம் சொல்லப்பட வேண்டிய கன்று.

கண்களை ரோச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவா, கருமணியில் வெண்மை படர்ந்திருக்கிறதா, வெளிச்சம் பட்டதும் சுருங்குகிறதா என்பவையே கேள்விகள். கையை வீசிப் பார்த்து, இமைக்கவில்லை, குருடு என்று முடிவு கட்டக்கூடாது. அந்த இமைப்பு பிறந்த சில நாட்களுக்குப் பிறகே கன்றுக்கு வருகிறது.

அடுத்து உள்ளங்கையை இடது முழங்கைக்குப் பின்னால் விலாவில் வைத்து இதயத் துடிப்பை உணர வேண்டும். பிறகு வலப்பக்கத்திலும் அதேபோல் வைக்க வேண்டும். துடிப்புக்குப் பதிலாக, அல்லது துடிப்போடு சேர்ந்து, ஒரு இடையறாத அதிர்வு கையில் பட்டால், குறிப்பாக வலப்பக்கத்தில் பட்டால், கீழ் இதய அறைகளுக்கிடையிலான சுவரில் துளை இருக்கலாம். மாட்டுக் கன்றுகளின் இதயக் குறைகளில் அதிகம் காணப்படுவது இதுவே. உறுதிப்படுத்துவது வைத்தியரின் வேலை. ஆயினும் நாற்பது கன்றுகளின் நெஞ்சில் கைவைத்தவருக்கு நாற்பத்தோராவது கன்றின் வித்தியாசம் தெரியாமல் போகாது.

முதுகெலும்பின் மேல் கழுத்திலிருந்து வால் நுனிவரை விரலை ஓட்டினால் வளைவும் இடைவெளியும் தெரியும். நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். குளம்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிரீசியன் என்னும் கறவை இன வழியில் கழுதைக் குளம்புபோல ஒட்டிய ஒற்றைக் குளம்போடு பிறக்கும் பரம்பரைக் குறை ஒன்று உண்டு. தொப்புள், மலவாய், சிறுநீர் வழி, நாம்பன் கன்றானால் விதைகள் இரண்டும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்பது, பசுக் கன்றானால் முலைக்காம்புகள் நான்குதானா என்பது: இவற்றோடு பரிசோதனை முடிகிறது. மிகையான காம்பு ஆபத்தானதல்ல. சிறு வயதிலேயே வைத்தியரைக் கொண்டு அகற்றிவிட்டால் பிற்காலத்தில் கறவைக்கும் மடிநோய்க்கும் தொல்லை இல்லை.

கடைசியாகக் கன்றை விட்டுவிட்டு, அது நடப்பதைச் சிறிது தூரம் நின்று பார்க்க வேண்டும். கால்களை அகட்டி வைத்து, தலை நடுங்க, குறித்த இடத்துக்குப் போக முடியாமல் தள்ளாடும் கன்றுக்குச் சிறுமூளை வளர்ச்சி குன்றியிருக்கலாம்.

மலவாய் இல்லாத கன்றை எப்படி அறிவது? காப்பாற்ற முடியுமா?

வாலைத் தூக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் வாலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. பிறந்து 24 மணித்தியாலங்களுக்குள் கன்று பிசின்போன்ற முதல் மலத்தைக் கழிக்க வேண்டும். முக்குகிறது, வால் அடிப்பகுதி காய்ந்து சுத்தமாகவே இருக்கிறது, வயிறு இருபக்கமும் ஊதுகிறது என்றால் உடனே பார்க்க வேண்டும்.

மலவாய் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மட்டும் மூடியிருந்து, கன்று முக்கும்போது அந்தத் தோல் வெளியே புடைத்து வந்தால், குடல் தோலுக்கு அடியிலேயே வந்து முடிந்திருக்கிறது என்று பொருள். வைத்தியர் விறைப்பு ஊசி போட்டுச் சிறு சத்திரசிகிச்சையால் திறந்துவிடுவார், கன்று பிழைத்துக்கொள்ளும். புடைப்பு இல்லையென்றால் குடல் இன்னும் உள்ளே நின்றிருக்கலாம். அப்போது வாய்ப்புக் குறைவு. மலவாய் சரியாக இருந்தும் மலமே வராமல், சளி மட்டும் வந்தால் பெருங்குடல் நடுவில் அறுபட்டிருக்கக்கூடும். அது கடினமான நிலை. பசுக் கன்றுகளில் சில வேளை யோனி வழியாக மலம் கசியும். வயிறு ஊதாததால் இது பல நாட்கள் கவனிக்கப்படாமல் போகிறது.

வீட்டில் சவரக்கத்தியால் திறக்க முற்படுவது வேண்டாம். மலத்தை அடக்கும் தசைவளையம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் கன்று காலம் முழுவதும் கழிந்துகொண்டே இருக்கும், புழுவும் பிடிக்கும்.

பெருங்குடல் அறுபடும் குறைக்குப் பரம்பரையும் காரணமாகலாம். சினை பிடித்து ஆறு கிழமைகளுக்குள் குதவழியாகக் கைவிட்டுச் சினை பார்க்கும்போது கருவை அழுத்திவிடுவதும் காரணமாகலாம். ஆகவே அவசரப்பட்டுச் சினை பார்க்கச் சொல்லி வைத்தியரை வற்புறுத்தாதீர்கள்.

முன்கால்கள் மடங்கியபடி பிறந்த கன்று தேறுமா?

பெரும்பாலும் தேறும். குளம்பின் மேல்மூட்டைக் கையால் நீட்டிப் பாருங்கள். அழுத்தினால் குளம்பின் அடி நிலத்தில் பதிகிறதென்றால், நரம்புக்கயிறு இறுகியிருக்கிறது, அவ்வளவே. லேசானவை கடினத் தரையில் நடக்க நடக்கச் சில நாட்களில் தாமாகச் சரியாகும். அதைவிட இறுகியவற்றுக்குக் கட்டு வேண்டும். பஞ்சைத் தடிப்பாகச் சுற்றி, நீளவாக்கில் பாதியாகப் பிளந்த பி.வி.சி. குழாயைக் காலின் பின்புறத்தில் பொருத்திக் கட்ட வேண்டும். குழாயின் விளிம்பு தோலில் படக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை அவிழ்த்துப் புண் இருக்கிறதா என்று பார்த்து மீண்டும் கட்ட வேண்டும். வன்னி வெயிலில் கட்டுக்குள் வியர்த்து, ஈ மொய்த்து, கால் சரியாகியும் புண்ணால் கன்று போனதுண்டு.

எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல், மரக்கட்டைபோல மூட்டே இறுகிக் கிடந்தால், அதிலும் முதுகும் கோணியிருந்தால், அது வேறு வகை. அதற்குக் கட்டு உதவாது. அப்படிப்பட்ட கன்றைத் துன்பப்பட விடாமல் வைத்தியரோடு பேசி முடிவெடுப்பதே நியாயம்.

தொப்புள் வீங்கியிருந்தால்?

மூன்று விடயங்களைப் பிரித்தறிய வேண்டும். கன்றை மல்லாத்தி வீக்கத்தை மெதுவாக அழுத்தும்போது அது வயிற்றுக்குள் போய்விட்டு, விரலுக்கு ஒரு வளையம் தட்டுப்பட்டால் அது குடலிறக்கம். சூடாகவும் தொட்டால் நோவாகவும் இருந்து, சீழ் மணம் வந்தால் அது தொப்புள் அழற்சி. தொப்புளில் சிறுநீர் சொட்டினால் கருப்பைக் காலச் சிறுநீர்க் குழாய் மூடாமல் இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் வைத்தியம் உடனே வேண்டும்.

ஒரு விரல் அகலமுள்ள குடலிறக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் தானாக மூடும். மூன்று விரல் அகலமானது, அல்லது ஆறு மாதமாகியும் மூடாதது, சத்திரசிகிச்சைக்குரியது. நேற்றுவரை உள்ளே போன வீக்கம் இன்று போக மறுத்து, கன்றும் சோர்ந்திருந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். குடலிறக்கத்தில் பரம்பரைக்குப் பங்குண்டு. அந்த நாம்பன் கன்றைப் பொலிக்கு வைக்கக்கூடாது. எந்தக் கன்றாயினும் பிறந்தவுடன் தொப்புளை 7 வீத அயடீன் கரைசலில் தோய்ப்பது பழக்கமாக வேண்டும்.

ஆணும் பெண்ணுமாக இரட்டைக் கன்று பிறந்தால் பசுக் கன்று மலடாகுமா?

பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மலடாகும். கருப்பையில் இரண்டின் இரத்த ஓட்டமும் இணைந்து, ஆண் கன்றிலிருந்து வரும் இயக்குநீர்கள் பெண் கன்றின் இனப்பெருக்க உறுப்புகளை வளரவிடாமல் செய்கின்றன. இது பிறவிக் குறை, பரம்பரைக் குறை அல்ல. தாயை ஒதுக்க வேண்டியதில்லை. கன்றுக்கு ஒரு மாதமாவதற்குள், நுனி மழுங்கிய சுத்தமான கண்ணாடிக் குழாயை வைத்தியர் யோனியில் செலுத்திப் பார்ப்பார். நல்ல கன்றில் அது 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரை போகும். மலட்டுக் கன்றில் 8 சென்ரிமீற்றருக்கு உள்ளாகவே நின்றுவிடும். மூன்று வருடம் நாகாக வளர்த்து, சினைப்படுமென்று காத்திருந்து ஏமாறுவதை இந்தச் சோதனை தவிர்க்கிறது.

எங்கள் பட்டியில் ஒரே நாம்பன்தான் பல வருடங்களாக நிற்கிறது. நல்ல நாம்பன். ஏன் மாற்ற வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்விக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறதென்றால் இதையே வாசியுங்கள்.

பெரும்பாலான பரம்பரைக் குறைகள் மறைந்திருந்து வருபவை. ஒவ்வொரு மரபணுவும் விலங்கிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. ஒரு பிரதி மட்டும் பழுதாயிருந்தால் விலங்கு நலமாகவே இருக்கும். கொழுத்த, மினுமினுத்த, எல்லோரும் விரும்பும் நாம்பனாகக்கூட இருக்கும். ஆனால் அதன் கன்றுகளில் பாதிக்கு அந்தப் பழுது போகும். பழுதைக் காவும் நாம்பனும் அதையே காவும் பசுவும் சேர்ந்தால், ஒவ்வொரு கன்றுக்கும் குறையோடு பிறக்கும் வாய்ப்பு 4 இல் 1. குறை தெரியாமல் பழுதைக் காவும் வாய்ப்பு 4 இல் 2. முற்றிலும் பழுதற்றதாக இருக்கும் வாய்ப்பு 4 இல் 1.

இப்போது உங்கள் பட்டியை எண்ணிப் பாருங்கள். நாம்பன் வந்த முதல் வருடங்களில் பசுக்கள் அதற்கு உறவில்லாதவை. குறையுள்ள கன்று பிறக்காது, நாம்பனின் பெயர் உயரும். மூன்றாம் நான்காம் வருடத்தில் அதன் சொந்த மகள்கள் நாகாகி அதற்கே சினைப்படுகின்றன. நாம்பன் பழுதைக் காவுவதாக இருந்தால், மகள்களில் பாதி அதைக் காவும். ஆகவே தந்தைக்கு மகளிடம் பிறக்கும் கன்றுகளில் சராசரியாக 8 இல் 1 குறையோடு பிறக்கும். அப்போது பழி மகள்கள் மேலும் காலத்தின் மேலும் விழுகிறது. இதைத் தவிர, உறவுக்குள் கலப்பதால் பெயரிட்டுச் சொல்லக்கூடிய குறை எதுவும் இல்லாமலேயே கன்றின் எடை, உயிர்ப்பு, பின்னர் பால், சினைப்பிடிப்பு எல்லாம் மெல்லக் குறைகின்றன.

வன்னிக்கு இதில் தனியான அக்கறை வேண்டும். 2009 வரையான போரிலும் இடப்பெயர்விலும் பட்டிகள் சிதறின; மீளக்குடியமர்ந்தோரில் பலர் எஞ்சிய சிலவற்றையும் கிடைத்த சிலவற்றையும் கொண்டு தொடங்கினர். சிலவற்றிலிருந்து பெருகிய பட்டிக்குள் உறவு நெருக்கமாகவே இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. மகள்கள் பருவத்துக்கு வருமுன், அதாவது இரண்டு அல்லது இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை, நாம்பனை மாற்ற வேண்டும். விற்க மனமில்லாவிட்டால் தூரத்துப் பட்டிக்காரர் ஒருவரோடு மாறிக்கொள்ளலாம். துணுக்காய் நாம்பன் செட்டிகுளத்துக்குப் போவதில் ஒரு நட்டமும் இல்லை. மாற்றுமுன் இரண்டுக்கும் கருச்சிதைவு நோய்க்கான இரத்தச் சோதனையை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் மூலம் செய்வித்துக்கொள்ளுங்கள். பட்டியில் பிறந்த மற்ற நாம்பன் கன்றுகளை உரிய வயதில் நலமடித்துவிட வேண்டும். இல்லையேல் எந்தக் கன்றுக்கு எது தந்தை என்பதே தெரியாமல் போகும்.

செயற்கைச் சினைப்படுத்தலில் இந்த ஆபத்து இல்லைத்தானே?

உறவுக் கலப்பின் ஆபத்துக் குறையலாம். ஆனால் அறவே இல்லை. ஒரு காளையின் விந்து உலகெங்கும் போகும்போது அதன் பழுதும் போகிறது. இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு, 1974 இல் அமெரிக்காவில் பிறந்த கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற ஹொல்ஸ்ரீன் பிரீசியன் காளை. பாலுக்குப் பேர்பெற்ற அதன் வழி பல நாடுகளுக்குப் பரவியது. பின்னரே அது இரண்டு பழுதுகளைக் காவியது தெரிந்தது. ஒன்று, வெண்குருதிக் கலங்கள் தொற்றை எதிர்க்க முடியாமற்போகும் நோய். அந்தக் கன்றுகள் வாய்ப்புண், கழிச்சல், சளிக்காய்ச்சல் என்று மாறிமாறி நோயுற்று, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் இறக்கும். மற்றது, முள்ளந்தண்டு பல இடங்களில் பிசகி உருவாகும் குறை. இது டென்மார்க்கில் இனங்காணப்பட்டு 2001 இல் விவரிக்கப்பட்டது. அதில் கருக்கள் பெரும்பாலும் சினையிலேயே அழியும். பிறப்பவை குட்டைக் கழுத்தும் மடங்கிய கால்களுமாகச் செத்துப் பிறக்கும்.

இன்று இந்தப் பழுதுகளுக்கு மரபணுச் சோதனை உண்டு. காளைகளின் விபரப் பட்டியலில் முதலாவது நோய்க்கு ‘ரீ.எல்.’ என்றிருந்தால் சோதித்துப் பழுதற்றது, ‘பீ.எல்.’ என்றிருந்தால் காவுவது. இரண்டாவதற்கு முறையே ‘ரீ.வீ.’, ‘சீ.வீ.’ என்று குறிப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, ஊசி போட வருபவரிடம் விந்துக் குழலில் அச்சிட்டிருக்கும் காளை இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது. குண்டசாலை அரச விந்து நிலையத்திலிருந்து வந்த விந்தானாலும், வெளிநாட்டிலிருந்து வந்ததானாலும் இலக்கம் இருக்கும். தாய்க்குப் போட்ட அதே இலக்கத்தை மகளுக்கும் போட விடாதீர்கள். ஊசி போடுபவர்கள் தினமும் பல பட்டிகளுக்குப் போகிறவர்கள். உங்கள் நாகின் தந்தை யார் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மரபணுச் சோதனைக்கு என்ன எடுத்துக் கொடுப்பது?

வால் நுனியிலிருந்து வேரோடு பிடுங்கிய 20 முதல் 30 மயிர்கள் போதும். வெட்டிய மயிர் பயன்படாது. வேரில்தான் மரபணு இருக்கிறது. ஒவ்வொரு விலங்கினதையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, இலக்கம் எழுதி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூக்கும். எல்லாக் கன்றுக்கும் இது தேவையில்லை. பொலிக்கு வைக்க எண்ணும் நாம்பனுக்கும், ஒரே குறை மீண்டும் தோன்றிய குடும்பத்துக்கும் வைத்தியரின் ஆலோசனையோடு செய்யலாம்.

பரம்பரை இல்லாமல் வரும் குறைகளைத் தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். அல்பென்டசோல் என்ற பூச்சி மருந்தைச் சினையின் முதல் 45 நாட்களில் கொடுக்கக்கூடாது. கருவின் வளர்ச்சியைக் குலைக்கும். மருந்து கொடுக்குமுன் பொலி எப்போது நடந்தது என்பதைச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பச்சைப் புல்லே காணாமல் வைக்கோலில் மட்டும் நின்ற சினைப்பசுவுக்கு உயிர்ச்சத்து ஏ குறைந்து, குருட்டுக் கன்று பிறக்கலாம்; கோடை நீளும் வருடங்களில் கொஞ்சமேனும் பசுந்தழை வெட்டிப் போடுவது இதற்காகவும்தான். மாட்டு வைரசுக் கழிச்சல் என்னும் நோய் சினையின் நான்காம் ஐந்தாம் மாதங்களில் தொற்றினால் சிறுமூளையையும் கண்களையும் தாக்கும். அதற்கு முன்பே தொற்றினால் கன்று நலமாகப் பிறந்து, வாழ்நாள் முழுவதும் வைரசைப் பரப்பிக்கொண்டிருக்கக்கூடும். புதிதாக வாங்கிய மாட்டைச் சில கிழமைகள் தனியாகக் கட்டுவதை ஒரு சடங்காக எண்ணாமல் செய்யுங்கள்.

கிரகணத்தன்று சினைப்பசு வெளியில் நின்றதால் குறை வந்தது என்கிறார்களே?

கிரகணத்தால் எந்தக் கன்றுக்கும் குறை வருவதில்லை. பெரியவர்களோடு இதற்காக வாதாட வேண்டியதில்லை. ஆனால் அந்த விளக்கத்தோடு தேடுதல் நின்றுவிடக்கூடாது. தந்தை எது, எந்த மாதம் எந்த மருந்து கொடுத்தோம் என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சத்திரசிகிச்சையால் தேறிய கன்றைப் பின்னர் இனத்துக்கு விடலாமா?

நாம்பனானால் விடக்கூடாது. சத்திரசிகிச்சை உடலைத் திருத்துகிறது, மரபணுவைத் திருத்துவதில்லை. நலமடித்து வளர்ப்பதில் தடையில்லை. பசுவானால், காயத்தாலோ கருப்பையில் கிடந்த விதத்தாலோ வந்த குறை என்று வைத்தியர் உறுதியாகக் கருதினால் விடலாம். ஐயமிருந்தால் பாலுக்கு வைத்துக்கொண்டு, அதன் கன்றுகளைப் பொலிக்கு எடுக்காமல் இருக்கலாம். விதை ஒன்று இறங்காத நாம்பனையும் இனத்துக்கு விடக்கூடாது. விற்கும்போது வாங்குபவரிடம் குறையைச் சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்ற நாம்பன் அயற்கிராமத்துப் பட்டிகளின் வழியாக உங்கள் பட்டிக்கே திரும்பி வரக்கூடும்.

எருமைக் கன்றுக்கு வயிறு பெருத்து, மயிர் சிலிர்த்து, இரண்டாம் மூன்றாம் கிழமையில் இறக்கிறது. இது பிறவிக் குறையா?

பெரும்பாலும் இல்லை. எருமைகளில் ஒருவகைப் பெரிய உருண்டைப் புழு தாய்ப்பாலின் வழியாகவே கன்றுக்குப் போகிறது. வெண்சாம்பல் நிறக் கழிச்சலும் பெருத்த வயிறும் அதன் அடையாளங்கள். கன்றுக்கு 10 முதல் 16 நாட்களுக்குள் வைத்தியர் சொல்லும் பூச்சி மருந்தை ஒருமுறை கொடுத்தால் தடுக்கலாம். முதல் நாள் பரிசோதனையில் நலமாக இருந்ததென்று எழுதி வைத்திருந்தால், பிறவிக் குறையா பின்னர் வந்ததா என்ற குழப்பமே எழாது.

மன்னார்க் கழுதைக் குட்டிகளுக்கும் நெடுந்தீவுக் குதிரைக் குட்டிகளுக்கும் இதே முறை பொருந்துமா?

கைவைத்துப் பார்க்கும் முறை அப்படியே பொருந்தும், கணக்குகள் வேறு. குட்டி ஒரு மணித்தியாலத்தில் எழ வேண்டும், இரண்டு மணித்தியாலத்தில் குடிக்க வேண்டும், மூன்று மணித்தியாலத்தில் இளங்கொடி விழ வேண்டும். அண்ணப் பிளவு, இறுகிய நரம்புக்கயிறு, கோணிய கால், தொப்புளில் சிறுநீர் கசிதல், மேற்தாடை முன்நீண்ட கிளிவாய் ஆகியவை அங்கும் தேட வேண்டியவை. அரபுக் குதிரைகளில் நோயெதிர்ப்பே உருவாகாத பரம்பரைக் குறை ஒன்றுண்டு. அந்தக் குட்டிகள் பிறந்து ஐந்து மாதங்களுக்குள் இறந்துவிடும், அதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. பெட்டைக் குதிரை கழுதைக்குச் சினையாகிக் கோவேறு கழுதை பிறந்தால், தாயின் கடும்புப் பாலே குட்டியின் இரத்தக் கலங்களை அழித்து மஞ்சள்காமாலையை உண்டாக்கக்கூடும். அங்கே மட்டும், குடிக்க விடுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். மன்னார்த் தீவில் தெருவில் திரியும் கழுதைகளின் குட்டிகளைத் தேவையின்றிப் பிடித்துத் தாயிடமிருந்து பிரிக்காமல், தூரத்திலிருந்து நடையையும் குடியையும் பார்ப்பதே போதும்.

கொப்பியில் எதை எழுதுவது?

பிறந்த திகதி, தாயின் காதிலக்கம் அல்லது குறி, தந்தை நாம்பனின் அடையாளம் அல்லது விந்துக் குழலின் இலக்கம், ஆணா பெண்ணா, தனியா இரட்டையா, கடும்பு எப்போது குடித்தது, முதல் மலம் எப்போது போனது, பரிசோதனையில் கண்டவை. குறை எதுவும் இல்லையென்றாலும் ‘பார்த்தது, நலம்’ என்று எழுத வேண்டும். வெற்றிடத்தைப் பின்னர் பார்ப்பவருக்குப் பார்த்தோமா இல்லையா என்பது தெரியாது. செத்துப் பிறந்தவற்றையும் கருச்சிதைவுகளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், புதைக்குமுன் கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளந்தண்டுக் குறை போன்றவை பெரும்பாலும் செத்த கன்றுகளில்தான் தெரிகின்றன. பட்டியைக் கூலிக்கு மேய்ப்பவரிடம் கொடுத்திருந்தால், எழுதுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். அவர் கன்று ஈன்ற அன்றே தொலைபேசியில் சொன்னால் போதும், மாலைக்குள் நீங்கள் அங்கே போய்ச் சேரலாம்.